ஆமைக்காக அதட்டிய குரல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னதுதான் என்னைக் காது கொடுக்க வைத்தது.

"செத்துப்போன எங்க சார் இன்னைக்குக் காலையிலயும் என்னையத் திட்டுனாரு."

"ஏளா எஸ்தர், ஒனக்கு என்ன ஆச்சு?" என்றாள் தோழி.

எஸ்தர் கடலாமைகளைக் காக்கும் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறாளாம். அங்கே முதன்முதலாகக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் அந்தச் சார். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தினமும் காலையில் போனில் தகவல் சொல்லும் ஏற்பாட்டையும் அவரே செய்து, தன் குரலையே பதிந்து வைத்திருந்தார்.

"'ஏலே, வலையில ஆமை விழுந்தா அறுத்து விடுல. வலைதான போவுது, ஒன் உசிரா போவுது'ன்னு அதட்டுவாரு. எனக்கும் அந்த போன் வரும்."

"அத மாத்தக் கூடாதா?"

"மாத்துனோம். நான் மரியாதையா பேசி வச்சேன். பேங்க் விளம்பரம்னு நெனச்சு எல்லாரும் கட் பண்ணிட்டாவ. மறுபடி அவரு குரலையே போட்டோம். நேத்து அவரு சம்சாரம் ஆபீஸுக்கு வந்தாவ. அதக் கேக்க வச்சேன். 'இது யாரு? வீட்டுல அவரு அதட்டி ஒரு வார்த்த பேசுனதில்லியே'ங்காவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்ககிட்ட ஒருநாளாவது சிரிச்சிருப்பாரா? ஆனா எனக்குக் காய்ச்சல்னா அவருதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு, திட்டிக்கிட்டே."

"பொறவு அந்தம்மா கெளம்பிட்டாவளா?"

"இல்ல. இன்னொருக்கப் போடுன்னாவ. சாயங்காலம் ஆபீஸப் பூட்டுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாவ."