பாய் மஞ்சள்

புளி கரைத்து வைக்கிற மீன்குழம்பு, எங்கள் புளியாணம், அடுத்த நாள்தான் ருசி. கல்முனையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், சேர். என் தங்கை றுஸ்தாவும் சூரைமீன் புளியாணத்தை நான் செய்துகொடுத்த மண் கோப்பையில் ஊற்றிவைத்து, மறுநாள்தான் அதிலேயே பிள்ளைக்குச் சோறு போட்டுக் கொடுப்பாள்.

என் கோப்பைகளைக் கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அவற்றின் பூச்சில் இருப்பது எங்கள் உம்மா பின்னிய பன்பாயின் சாயல். களப்புக் கரையில் அறுத்த புல், அதில் மஞ்சள் சாயக் கோலம். நாங்கள் புரண்டு படுத்த இடங்களில் மட்டும் அந்த மஞ்சள் வெளுத்திருக்கும். அந்த அழகை உங்களுக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியவில்லை.

அந்த மஞ்சள் எனக்கு ஈயம் கலந்த பூச்சில்தான் வந்தது. புளி பட்டால் ஈயம் கரையும், நிறம் வெளுக்கும். தெரியும். ஈயம் நஞ்சு என்பதும் தெரியும். வெளுக்கவைக்கப் புளிப்பு வினாகிரியை ஊற்றி வைத்திருக்கலாமே என்கிறீர்கள். வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எங்கும் ஒரேயடியாக வெளுத்தது. பாய் அப்படி வெளுக்காது. அதற்கு மனிதர் புழங்கவேண்டும்.

அதனால்தான் றுஸ்தாவிடம் கொடுத்தேன். "சும்மா காட்சிக்கி வெச்சிராத, சோறு தின்னு" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

சில மாதங்களில் அவளுடைய மகள் ஹுஸ்னியாவுக்கு வயிற்றுநோவு. "ராத்தா, புள்ளைக்கி ஓயாம வகுத்துக் குத்தா இரிக்கி. உங்கட கோப்பைல போட்டாத்தான் ரெண்டு வாய் திங்காள்" என்றாள் றுஸ்தா. போய்ப் பார்த்தேன். கோப்பையைத்தான் பார்த்தேன். புளி ஊறிய பூச்சில் பிள்ளையின் விரல்கள் வழித்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. உம்மாவின் பாய் அப்படியே. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்தேன்.

வெளுத்த கோப்பைக்குக் கொழும்பில் பரிசு கிடைத்தது. ஹுஸ்னியா, எழுதப் பழகியிருந்த தன் பெயரையே எப்படி எழுதுவதென்று மறந்துவிட்டாள். இரத்தத்தில் ஈயம் என்று டொக்டர் சொன்னாராம். கவலைதான். ஆனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். பாய் பின்னிப் பின்னி உம்மாவின் விரலெல்லாம் வெடித்தபோது யார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்? ஒரு குடும்பத்தின் அழகு சும்மா வராது. எல்லோரும் கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டும்.

நான் என்ன கொடுத்தேன் என்று கேட்கிறீர்கள். கோப்பையைச் செய்ததே நான் அல்லவா? அதில் சாப்பிட்டேனா என்றால், இல்லை, சேர், ஒருநாளும் இல்லை. என் பிள்ளைகளுக்கும் வீட்டில் பிளாஸ்டிக் கோப்பைதான்.