வெள்ளிக்கிழமை வண்டி

கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் கவரைப்பேட்டைக்கு முன்னால் சிக்னல் கை இறங்காததால் நின்றுவிட்டது. புதிதாக வந்திருந்த குட்டை நெல்லின் விளைச்சலைப் பற்றி விவசாயப் பத்திரிகைக்கு எழுதுவதற்காக நான் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் இருந்த அம்மாள், பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"வெள்ளிக்கெயம இந்த வண்டி நேரத்துக்கு வந்தா என் பொண்ணுக்குக் கல்யாணம்டி."

"இன்னாக்கா சொல்ற?"

"மாப்ள ஊட்டுக்காரங்க இதுலதான் பொண்ணு பாக்க வராங்க. சாப்பாடு நம்ம ஊட்டுல. இந்தக் குட்ட நெல்லு அரிசி சூடா இருந்தாதான் சோறு. ஆறிப்போச்சுன்னா கல்லு."

"பழைய அரிசி வாங்கி ஆக்கேன்."

"உங்க மாமா உட்டாத்தானே. நல்லா விளைய வெச்சாருன்னு ஆபீசருங்க மாலை போட்டாங்க இல்ல? நம்ம அரிசியத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

"மாலை போட்டவங்க அந்தச் சோத்த துன்னாங்களா?"

"வரப்புல நின்னு போட்டோ புட்ச்சாங்க. சாப்ட கூப்ட்டா ஜீப்புல ஏறிட்டாங்க."

இளையவள் சற்று யோசித்தாள்.

"உங்க கொல்லையாண்ட நின்னா ஸ்டேஷன் சிக்னல் தெரியும்ல? உலைய ரெடியா கொதிக்க வெச்சுக்கினு இரு. சிக்னல் கை இறங்கினதும் அரிசியப் போடு. அவங்க நடந்து வந்து, கால் கழுவி, பொண்ணப் பாக்கறதுக்குள்ள வெந்துடும்."

"நான் அடுப்பாண்ட இருந்தா சிக்னல யாருடி பாக்கறது?"

"உன் பொண்ணு பாக்கட்டும். கல்யாணம் அவளுக்குத்தானே."

அந்த அம்மாள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிக்னல் கை இன்னும் இறங்கவில்லை.