சரஸ்வதி பூசையன்னைக்கு வந்த அப்டேட்

— சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க ஆனந்தியக்கா. அந்த அப்டேட்டுல மெய்யாவே என்னதான் இருந்துச்சு?

— எத்தனை மட்டம் கேட்டாலும் பதில் ஒண்ணுதான் இசக்கிபாண்டி. தேதி காட்டுததுல ஒரு கோளாறு இருந்துச்சு, சரி பண்ணி விட்டோம். கூடவே குறிப்பும் போட்டோம்லா.

— குறிப்பு ஒரே வரி. அந்த ஒரு வரிச் சோலிக்கு அம்புட்டுப் பெரிய பொட்டலமா? முன்னால வந்ததெல்லாம் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள எறங்கிரும். இது எறங்குததுக்குள்ள நான் கடைக்குப் போயி டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.

— உங்க நாகலாபுரத்து நெட்டு அப்படி. மேகம் போட்டாப் படுத்துக்கிடும், வெயிலடிச்சாலும் படுத்துக்கிடும். அதுக்கு நாங்க என்ன செய்ய?

— நெட்டு படுத்தே கெடக்கட்டும். எங்க ஆடுக எங்க போச்சு?

— கேளு தம்பி, ஆட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? நாங்க இந்தக் கோவில்பட்டியில மாடியில உக்காந்து, இடத்தைக் காட்டுததுக்கு ஒரு கிட்டு செஞ்சு விடுதோம். உன்னைய மாதிரிப் பையங்க அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதுமேல ஆளுக்கொரு ஆப் கட்டுதீங்க. ஒருத்தன் மினி பஸ் எங்க வருதுன்னு பாக்கான். ஒருத்தன் தண்ணி லாரிக்குப் போட்டிருக்கான். நீ ஆட்டுக்கிடைக்குப் போட்டிருக்க. அம்புட்டுத்தான்.

— அது சரிக்கா. எரு கெடைக்குமேன்னு புஞ்சைக்காரவிய, 'எம் புஞ்சையில ரெண்டு ராத்திரி கிடை போடுங்கய்யா'ன்னு கூப்பிடுவாவ. கிடைக்காரரு போன் இருக்க எடத்தை வச்சு, ஆடு எந்தப் புஞ்சையில படுத்திருக்குன்னு கூப்பிட்ட ஆளுக்கு மட்டுந்தான் ஆப் காட்டணும். நான் அப்படித்தான் கட்டினேன். மாசியில வெள்ளாமை எடுத்து, ஆடு வெளிய படுக்க ஆரம்பிச்ச வாரமே சோலைச்சாமி மாமா கிடையில வேனை வச்சு அள்ளிட்டுப் போயிட்டானுவ. அடுத்தாப்புல மாரிசெல்வி மைனி கிடை. அதுக்குப் பெறகு இன்னொண்ணு. மூணு பேரும் என் ஆப் வச்சிருக்கவிய.

— ஆப் வாரதுக்கு முன்னால நாட்டுல ஆட்டுக் களவாணியே இல்லையாக்கும்?

— இருந்தானுவ. ஆனா அவனுவ இருட்டுல தட்டுத் தடுமாறித் தேடிக்கிட்டு வருவானுவ. நாய் குலைக்கும், ஆள் முழிச்சிரும். இவனுவ தேடவே இல்லக்கா. நேரா வந்தானுவ.

— அதுக்காக எங்க கிட்டு மேல பழி போடுவியா?

— சும்மா போடல. பழைய கிட்டையும் புதுக் கிட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மூணு நாளாச் சோறு தண்ணி மறந்து பாத்தேன். புதுசுல கட்டின ஆப் புஞ்சைக்காரருக்கும் சொல்லுது, நான் கேக்காத இன்னொரு எடத்துக்கும் ரகசியமாச் சொல்லுது. அந்த எடம் யாருதுன்னுதான் தெரியல.

— நீயே அதைச் சேத்துட்டு எங்க தலையில கட்டலாம்லா? உங்க ஊர்லயே உன்னையத்தான் சந்தேகப்படுதாவன்னு கேள்விப்பட்டேன்.

— படத்தான் செய்யுதாவ. 'படிச்ச பய நம்ம ஆட்டைக் காட்டிக் கொடுத்துட்டான்'னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுதாவ. கொழாயடியில எங்கம்மை கொடத்தை வச்சா எல்லாரும் தள்ளி நிக்காவ. எந் தங்கச்சி பொன்மணிக்குப் பேசி முடிச்ச எடத்துல, பூ வைக்கதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்னு சொல்லிவிட்டாவ. நாளைக்கு ஊர்க்கூட்டம். நான் செய்யலன்னு அங்கன காட்டலைன்னா, எங்க வீட்டை எடுத்துக்கிட்டு நாங்க எங்கன போவோம்?

— பாவந்தான். உக்காரு. கடம்பூர் போளி இருக்கு, தின்னுதியா?

— வேண்டாங்கா. ஒண்ணு கேக்கேன். அந்த அப்டேட் வெளிய வந்தது என்னைக்குன்னு தெரியுமா?

— நாங்க எத்தனையோ விடுதோம். எல்லாம் ஞாபகத்துல இருக்குமா?

— சரஸ்வதி பூசையன்னைக்கு. மத்தியானம்.

— பூசையன்னைக்கா? இருக்காதே.

— எங்கிட்ட இருக்கு, பாருங்க. எங்க வீட்டுல அன்னைக்குத் தொரட்டி, அருவா, எங் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு சாமிகிட்ட அடுக்கியாச்சு. எடுத்தா எங்கம்மை கையை ஒடிச்சிரும். மறுநாள் விசயதசமி. நல்ல நாளும் அதுவுமா மொதல் சோலி உங்க அப்டேட்டைப் போட்டதுதான். போட்டு, ஆப்பைப் புதுசாக் கட்டி, ஒவ்வொரு கிடைக்காரவியளுக்கும் நானே போன் பண்ணி, 'புதுசு வந்திருக்கு, தைரியமா அமுக்குங்க'ன்னு சொன்னேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! உங்க ஆபீஸ்ல அன்னைக்கு யாருக்கா கம்ப்யூட்டரைத் தொட்டது?

— இங்கயும் ஒருத்தரும் தொடமாட்டோம். எல்லாத்துக்கும் மாலை போட்டு வச்சிருந்தோம். சுண்டல், பொரிகடலை எல்லாம் கொடுத்தோம்.

— அப்பம் அப்டேட் தானா எந்திரிச்சு நடந்து வந்துச்சா?

— இரு, பாக்கேன். இந்தா, நீயே பாரு. அன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு. விட்டது யாருன்னா, 'ஆபீஸ்'னு மட்டும் இருக்கு. ஆள் பேரு இல்ல.

— ஆபீஸ்னா யாரு வேணும்னாலும் விட முடியுமா?

— முடியாது. அதுக்கு ஒரு சாவி உண்டு. சின்னப் பென்டிரைவ்தான். அதைச் சொருகி விட்டாத்தான் இது எங்க சரக்குன்னு உன் கம்ப்யூட்டர் ஒத்துக்கிடும். இல்லைன்னா வெளிய தள்ளிரும்.

— அந்தச் சாவி அன்னைக்கு எங்கன இருந்துச்சு?

— அது... சாமி முன்னால.

— என்னது?

— நமக்கு அதுவும் ஆயுதந்தான? வருசா வருசம் தாம்பாளத்துல வச்சு, சந்தனம் தொட்டு வைப்போம்.

— ஊரே சுண்டல் வாங்க வந்து போற எடத்துல, பெட்டிச் சாவியத் தூக்கித் தட்டுல வச்சிருக்கீங்க!

— சாமிக்கு முன்னால வச்சதை எவன் தொடப்போறான்னு இருந்துட்டோம். தப்புத்தான். கேளு தம்பி, நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது. அன்னைக்கு பூசை முடிஞ்சதும் நாங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டோம். கடைசி வரைக்கும் இங்கன இருந்தது முதலாளி ஹரிகிருஷ்ணன் சார் மட்டுந்தான்.

— முதலாளியா? அவிய கோயில் காரியத்துக்கெல்லாம் முன்ன நிக்கவியளாச்சே?

— கோயிலுக்கு முன்ன நின்னா? இப்பம்லாம் போன் வந்தா வெளிய போயித்தான் பேசுதாவ. புதுசா ஒரு கூட்டாளி, யாருன்னு எங்ககிட்டச் சொல்லல. எனக்கும் ரொம்ப நாளா மனசு உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

— உறுத்தியுமா நீங்க ஒண்ணும் கேக்கல? மாசந் தவறாம அப்டேட் விடுத ஆபீஸ், அதுக்குப் பெறகு ஒண்ணுகூட விடலையேக்கா. விடுத ஆளு நீங்கதான?

— நான்தான். அதனாலதான் பயப்படுதேன். எல்லாரும் என்னையத்தான சொல்லுவாவ? ஒண்ணு செய்வோம். பழைய கிட்டையே புது நம்பர் போட்டு இப்பவே விட்டுருதேன். நீ அதைப் போட்டு ஆப்பைக் கட்டு. உங்க ஆளுகளையும் அமுக்கச் சொல்லு. கெட்டதெல்லாம் அழிஞ்சிரும். கூட்டத்துல, ஏதோ மெஷின் கோளாறு, சரியாப்போச்சுன்னு சொல்லிரு.

— அழிஞ்சிருமா?

— சுத்தமா அழிஞ்சிரும். இருந்த தடமே தெரியாது.

— தடம் தெரியலைன்னா நான் கூட்டத்துல எதைக்கா காட்டுவேன்?

— எதுக்குக் காட்டணும்? பிரச்சினை தீந்தாச் சரிதான?

— உங்களுக்குத் தீரும். எனக்குத் தீராது. இனிமே அமுக்குங்கன்னு நான் சொன்னா, அடிக்க வருவாவ. எல்லாரு போன்லயும் ஆப்பையே எடுத்துட்டேன். எங்க சின்னையா சுடலைமணி போன்ல மட்டும் அந்த அப்டேட்டோட அப்படியே விட்டு வச்சிருக்கேன். போலீசுல காட்டணும்லா.

— போலீசா? எதுக்குடே தேவையில்லாத சோலி? சின்னையாவையும் இதை அமுக்கச் சொல்லு.

— அவியளுக்கு நான் எதுவும் சொல்லுததா இல்ல. கிடை எங்கன கெடக்குன்னு சொந்தக்காரவியளுக்குக் கூட வாயைத் தொறக்கதில்ல. உங்ககிட்டயும் சொல்லமாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. மனுசனை நம்பவே பயமா இருக்குக்கா. சின்னையாவுக்குப் பொழப்பே அந்த ஆடுகதான். இன்னைக்கு ராத்திரி தாண்டணுமேக்கா.

— நீ ஏம்லே இப்படிப் பதறுத? உங்க சின்னையா கிடைக்கு ஒண்ணும் வராது. எட்டயபுரம் ரோட்டுல, அந்தப் பெரிய கரண்டுக் காத்தாடிக்கு அடியிலதான கெடக்கு? ராப்பகலா வண்டி போற எடம். எவன் துணிஞ்சு வருவான்?

— காத்தாடிக்கு அடியிலன்னு யாருக்கா சொன்னா?

— நீதான் இப்பம் சொன்ன.

— நான் சொல்லல. சொல்லமாட்டேன்னுதான் சொன்னேன்.

— அப்பம்... ஆமா, எட்டயபுரத்துல ஒரு சடங்கு வீடு. காலையில அங்கருந்துதான் பஸ்ஸுல வந்தேன். சன்னல் வழியாக் கண்ணால பாத்தேன். கிடை நெறைய ஆடு. உங்க சின்னையா கூடத் தலப்பாக்கட்டோட, தொரட்டியை ஊணிக்கிட்டு நின்னாவ. இதுக்குப் போயி என்னைய ஏன் இப்படிப் பாக்க?

— அங்கன ஆடே இல்லக்கா. நேத்து நான் கொண்டுபோயிக் கருவேலஞ் செடிக்குள்ள வச்சுட்டு வந்த சின்னையா போன் மட்டுந்தான் கெடக்கு.