இடக்கை முக்கால் அங்குலம்

கண்டியில் சட்டை வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. கொலரைத் திருப்பி, லேபல் வெட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். வெட்டியிருந்தால் முகம் மலரும். வெளிநாட்டுக்கென்று தைத்து, ஏதோ சின்னப் பிழையால் கழித்துவிட்ட சாமான். அதனால்தான் ஃபெக்டரியில் லேபலை வெட்டி வெளியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஊருக்கே தெரிந்த விசயம்.

தங்கச்சி கஜாலினி, நீங்கள் சட்டத்தரணி. சத்தியக்கடதாசியாக எழுதித் தரச் சொன்னீர்கள். நளீர் ஆகிய நான் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

என் கடைச் சட்டைகள் எந்தக் கப்பலிலும் ஏற இருந்தவை அல்ல. தெல்தெனியவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் என் மனைவி ஹபீலா தைப்பவை. லேபலும் நாங்கள் அடிப்பித்ததுதான். அதிலுள்ள வெள்ளைக்காரப் பெயர் எந்த நாட்டிலும் கிடையாது. ஹபீலா சோறு வடிக்கும்போது யோசித்து வைத்தது. அவள் லேபலை ஒழுங்காக வைத்துத் தைப்பாள். நான் குறுக்கே வெட்டுவேன். பதினொரு வருடமாக நான் பார்க்கிற தொழில் அதுதான். லேசான வேலை என்று நினைக்க வேண்டாம், துணியில் படாமல் வெட்ட வேண்டும்.

போகப்போகச் சனம் விவரமாகிவிட்டது. பிழை எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். பிழை அகப்படாவிட்டால் போலிச் சாமான் என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே ஒரு சட்டைக்கு ஒரு பிழை வைத்தோம். ஒன்றில் பொத்தானுக்கு ஓட்டை இருக்காது, இன்னொன்றில் கொலர் ஒரு பக்கம் இழுக்கும். பிழையைத் தானே கண்டுபிடித்த ஆளின் சந்தோசத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு மனுசனைச் சந்தோசப்படுத்துவது குற்றம் என்று எனக்குப் படவில்லை.

ஹபீலாவுக்குத்தான் அலுத்துவிட்டது. "ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பிழ யோசிக்க எனக்கேலா. இனி எல்லாத்துலயும் இடக்கைய முக்கால் இன்ச் கட்டையாக்கி உடுறேன், நீங்க வித்துக்கோங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

உங்களுக்கு நிச்சயித்த சேந்தன் தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வங்கிக்கு மாற்றலாகி வந்தது அந்த மாதம்தான். அந்தத் தொகுதியை ஹபீலா டீவியில் நாடகம் பார்த்தபடி தைத்திருந்தாள், பைகளும் கோணிவிட்டன. அது நாங்கள் வைத்த பிழை அல்ல, உண்மையான பிழை. தம்பி கோணல் பையைக் கண்டார், இதுதான் பிழை, மற்றதெல்லாம் திறம் என்று முடிவுகட்டினார். எட்டுச் சட்டை வாங்கினார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்து, இரு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார்.

"நளீர் நானா, என்ர இடக்கை வளருது. வடிவாப் பாருங்கோ."

"சட்டையில ஏதும் பிழ ஈக்கும் தம்பி."

"சட்டை பிழையெண்டால் ஒண்டில பிழை இருக்கும். எட்டிலயுமோ?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். ஆகவே அளவு நாடாவை எடுத்தேன். வலக்கையைத் தோளிலிருந்து அளந்தேன். இடக்கையைக் கழுத்துக்குக் கொஞ்சம் கிட்டவிருந்து அளந்தேன். கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். அவரைப் பதற்றப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு தம்பி, வலக்கையையும் இழுத்துச் சமப்படுத்துவதற்காக, தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீரை அந்தக் கையில் தூக்கிக்கொண்டு வாவியைச் சுற்றி நடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. மனம் கேட்காமல், வாளியின் கைப்பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்தேன்.

அவர் உங்களிடம் தனக்குக் கை வளருகிற வருத்தம் இருக்கிறது, கல்யாணத்தை விட்டுவிடுவோம் என்று சொன்னது எனக்கு மூன்று நாளைக்கு முன்பு வரை தெரியாது. நீங்கள் எட்டுச் சட்டையையும் கொண்டுவந்து, என் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கைகளை மட்டும் இழுத்துவிட்டீர்கள். எட்டு இடக்கையும் வலக்கைக்கு முக்கால் அங்குலம் முன்னால், ஒரே இடத்தில் முடிந்தன. நீங்கள் சத்தம் போடவில்லை.

"எழுதித் தாங்கோ நானா. நான் சொன்னால் தன்னில இரக்கப்பட்டுச் சொல்லுறன் எண்டுதான் நினைப்பார். முகூர்த்தத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே உறுதிப்படுத்துகிறேன்: லேபல் போலி. வெட்டும் போலி. கை கட்டையானது நாங்கள் வேண்டுமென்று செய்தது. சேந்தன் தம்பியின் இரு கைகளும் சமம். அளந்த அன்று நான் அவரிடம் பொய் சொன்னேன். இதை வாசித்தால் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மணவறைக்கு வருவார் என்று நம்புகிறேன்.

இத்துடன் வரவேற்புக்கு ஒரு கோட் சூட்டும் அனுப்புகிறேன். எங்கள் அன்பளிப்பு. ஹபீலா இரண்டு நாளாக நாடகமே பார்க்காமல் தைத்தாள். கைகள் இரண்டையும் நானே மூன்று தடவை அளந்தேன், ஒரு நூல் வித்தியாசம் இல்லை. காற்சட்டையில் வலது கால் மட்டும் அரை அங்குலம் கட்டை. ஒரு பிழையும் இல்லாவிட்டால் தம்பி அதை நல்ல சாமான் என்று நம்பமாட்டார். இந்தப் பந்தியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.