பின்சீட்டின் உயரம்

சிஞ்ச்வட்டில் 9.10 லோக்கல் ரயிலில் ஏறி என் எதிரே அமர்ந்த கோவைத் தம்பதி, தொலைதூரப் பயணத்துக்கான புது பைக்கை ஷோரூமில் பதிவு செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி கேட்டார்:

"ஏனுங்க, பின்சீட்டுல நீங்க உக்காந்து பாத்தீங்களா?"

"நான் எதுக்கு அம்மணி உக்காரணும்? புது மாடல் குளிர்லயும் ஒரே அமுக்குல கிளம்பும். கோயமுத்தூர் வரைக்கும் அலுப்பே தெரியாது."

"அதுல பின்சீட்டு பரண் மாதிரி ஒசரத்துல இருக்குது. அங்கயே விக்கிற பழைய மாடல்ல அகலமா, மெத்துன்னு இருக்குதுங்க."

"பத்து நிமிசத்துல பழகிரும் அம்மணி."

"சரிங்க, நீங்களே பழகிக்குங்க. எனக்கு நேத்து பைக் லைசென்ஸ் வந்திருச்சு. கோலாப்பூர் வரைக்கும் நீங்க ஓட்டுங்க. அங்கிருந்து ஊர் வரைக்கும், மிச்ச முக்கால்வாசி தூரமும் நான் ஓட்டறேன்."

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"அந்தப் பழைய மாடல்ல கறுப்புக் கலர் இருக்குதான்னு கேப்போம்."