முள் ஏறாத லாரி

பழைய லாரிகள் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சார். புது வண்டியென்றால் கம்ப்யூட்டரை மாட்டி, அது என்ன சொல்கிறதென்று வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பழசு அப்படியில்லை. பானெட்டைத் தூக்கி ஐந்து நிமிஷம் காது கொடுத்தால் தன் கஷ்டத்தைத் தானே சொல்லிவிடும். என் அக்கா வீட்டுக்காரரின் லாரியும் சொன்னது. அவர்தான் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்து வண்டி. ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். பார்த்தேன். இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் உள்ளே அடைத்துக் கிடந்தது. இறக்கிச் சுத்தம் செய்ய வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டும் என்றேன்.

"ரேடியேட்டரெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. சென்சார்தான் பொய் சொல்லுது. அதை மாத்து, போதும்."

மாற்றினேன். பழைய சென்சார் துருப்பிடித்து இன்ஜினோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, விரல் தோல் உரிய அரை நாள் மல்லுக்கட்டினேன். நாலாம் நாளே திரும்பி வந்தார், முள் ஏறுகிறதாம். ஏறத்தான் செய்யும், சூடு உண்மையான சூடு. மறுபடி சொன்னேன். மறுபடி சென்சார்தான் மாற்றச் சொன்னார். மூன்றாவது தடவை வந்தபோது பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "எங்க மாப்ள கை வச்சா ஆறின இன்ஜினுக்கும் காய்ச்சல் வந்துரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே வீட்டில் அக்காவிடமும் அதைச் சொன்னார். அவளும் சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரே விஷயத்தை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்வது?

மறுநாள் மூன்றாவது சென்சாரை எடுத்தேன். அந்த மாடலில் சென்சாருக்கு ஒரே ஒயர்தான். அதன் திருகு மரை இன்ஜினின் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் ஓடி முள் நகரும். அதனால் மரையில் டேப் சுற்றவே கூடாது, எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நான் சுற்றினேன். தண்ணீர்க்குழாய் ஒழுகாமலிருக்கச் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டேப். முதலில் இரண்டு சுற்று. மாட்டிப் பார்த்தால் முள் லேசாக அசைந்தது. கழற்றி இன்னும் ஐந்து சுற்று சுற்றினேன். அதற்குப் பிறகு இன்ஜின் என்ன சூடானாலும் முள் படுத்தே கிடந்தது.

அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "இப்பத்தான்டா வேலை கத்துக்கிட்ட."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டபிறகு சொல்ல மனசு வரவில்லை.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வண்டி சூடானால் முள் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பார், ரேடியேட்டர் மூடியைத் தொடமாட்டார். ஆனால் கையை வைத்துச் சூடு பார்க்கிற வழக்கம் கிடையாது. முள் சொன்னால் அவருக்குச் சரி. பட்டறை வாசலிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதினோராம் நாள், முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது கொதிக்கிற வாசனை வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தினார். முள்ளைப் பார்த்தார். அது கீழே இருந்தது. இறங்கிப்போய் மூடியைத் திறந்தார்.

கொதிநீர் பீறிட்டு வெந்த முகமும் கழுத்தும் ஆறிவிடுமாம். கண் இரண்டும் இனித் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

நேற்று நீங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். சென்சாரில் டேப் சுற்றியிருந்ததைச் சொன்னீர்கள். அவர் என் மேல் கேஸே வேண்டாம் என்றுவிட்டார். "பாவம் சார், வேணும்னேவா செய்வான்? அவனுக்கு எப்பவுமே வேலையில கவனம் பத்தாது." நீங்களும் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். கண் போன நிலையிலும் மனுஷன் என்னை விடவில்லை.

அந்த வரியை அடித்துவிடுங்கள். முள் நகராது, தண்ணீர் கொதிக்கும், அவர் மூடியைத் திறப்பார், மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்தே, நிதானமாகச் செய்தேன். என் வேலையில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை, அவரைத் தவிர.