கிருமி கொடுத்த வாக்குமூலம்

— “மானுட குலத்தின் குடல் வரலாற்றிலே இன்று ஒரு பொன்னாள்! இதுகாறும் மனித வயிற்றில் வாய்பேசாது வாழ்ந்துவந்த ஒரு கிருமியை, உலகிலேயே முதன்முறையாக, எமது ஆராய்ச்சி நிலையம் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பேச வைத்திருக்கிறது!” எப்படி இருக்கு? ‘சாட்சிக் கூண்டில்’ வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்தலாமா?

— மொத்தமாவே நிறுத்திடலாம் சார்.

— ஆரம்பிச்சிட்டியா? பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இப்ப பத்தேகால். ஆராய்ச்சி மாணவின்னா டைரக்டர் பேசும்போது குறிப்பு எடுக்கணும், குறை எடுக்கக் கூடாது. அப்புறம், இது என்ன தாள்? பின்பக்கம் ஏதோ கிறுக்கியிருக்கு. பொன்னாளைப் போய் குப்பைத் தாள்லயா அச்சடிக்கறது?

— ஒரு பக்கம் காலியா இருக்கற தாளை வீணாக்கக் கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவு சார். ஒத்திகைப் பிரதிக்கு இது போதும்னு உங்க ஆபீஸ் பழைய கட்டுலேருந்து எடுத்துக் கொடுத்தாங்க.

— ஆங், நல்ல உத்தரவுதான் அது.

— ஐயா, அந்த ஃப்ரிட்ஜ் விஷயமா ஒரு வார்த்தை...

— நீ இரு மாஸ்டர். உனக்கு இருக்கறது ஒரே வேலை, கடைசியில கையெழுத்து போடறது. அதுவரைக்கும் எதிர்ல உக்காந்து கேளு. கேன்டீன்ல இருபது வருஷம் கரண்டி பிடிச்சவனுக்கு இந்த அறையில நாற்காலி கிடைச்சதே பெருசு.

— பத்தொம்பது வருஷம் ஐயா. மூணு வாரம் முன்னாடி நீங்க பூட்டு போடலேன்னா இந்நேரம் இருபது ஆயிருக்கும்.

— அடுத்த பத்தி. “சென்ற மாதம் எமது நிலையத்தில் நிகழ்ந்த பாராட்டு விழாவிலே...”

— யாருக்குப் பாராட்டுன்னு போடலியே சார்.

— அடக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. “...எனக்கு நிகழ்ந்த பாராட்டு விழாவிலே விருந்துண்ட பதினோரு பேர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர். அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட சால்மொனெல்லா என்னும் கிருமியை ஆராய்ந்தோம். அடிப்படையிலே, அதன் குளிர் தாங்கும் மரபணுக்கள் யாவும் விழித்திருந்தன! ஆக, அக்கிருமி குளிரிலே பதுங்கியிருந்தது என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது. உணவோடு தொடர்புடைய குளிர்ப் பதுங்கிடம் இந்நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கேன்டீனின் குளிர்பெட்டி!”

— நம்ம லேப்ல மட்டும் ஒம்போது ஃப்ரிட்ஜ் இருக்கு சார். நாலுல சாப்பாட்டு டப்பா இருக்கு. ஒண்ணுல உங்க டப்பா.

— அதெல்லாம் விஞ்ஞான ஃப்ரிட்ஜ்.

— தங்கச்சி, நான் படிக்காதவன். மரபணு விழிச்சிருந்துச்சுன்னா என்ன? கிருமிக்குக் கண்ணு இருக்கா?

— கண்ணு கிடையாது மாஸ்டர். உங்க கிச்சனை வெச்சே சொல்றேன். உங்ககிட்ட நாலாயிரம் குறிப்பு இருக்கற சமையல் புஸ்தகம் இருக்குன்னு வெச்சுக்கங்க. எல்லாக் குறிப்பும் எப்பவும் அதுல இருக்கும். ஆனா இந்த நிமிஷம் அடுப்புல எது வேகுதுன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

— ஆணியில குத்தியிருக்கற ஆர்டர் சீட்டைப் பாத்தா தெரியும்.

— அதேதான். மரபணுங்கறது புஸ்தகத்துல இருக்கற குறிப்பு. ஆர்.என்.ஏ. அதுக்கான சீட்டு. சீட்டு எழுதினா அந்த மரபணு விழிச்சிருக்குன்னு அர்த்தம். கிருமி என்னென்ன சீட்டு எழுதுதுன்னு எண்ணறதுதான் என் வேலை. பசிச்சா ஒரு சீட்டு, சூடு பட்டா ஒரு சீட்டு, குளிர் பட்டா வேற சீட்டு.

— பிரமாதம்! இந்த உவமையை நான் மேடையில சொல்லிக்கறேன்.

— ஒரு நிமிஷம் ஐயா. தங்கச்சி, அந்தச் சீட்டு எவ்வளவு நேரம் கிடக்கும்? எங்ககிட்ட தட்டு வெளிய போன உடனே கிழிச்சுப் போட்டுடுவோம்.

— இதுவும் அப்படித்தான். நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதிக்கும்.

— விழா நடந்தது போன மாசம். சீட்டு அஞ்சு நிமிஷத்துல குப்பை. அப்போ போன மாசம் அது எங்க உக்காந்து நடுங்குச்சுன்னு எந்தச் சீட்டைப் பாத்து சொல்றீங்க?

— சார், விசாரணைக் குழுவுல ஒம்போது பேராசிரியர். இந்தக் கேள்வியை ஒருத்தர் கேக்கல.

— அது வந்து... அடிப்படையிலே... கிருமிக்கும் ஞாபகம்னு ஒண்ணு இருக்கும்.

— இல்ல சார். நோயாளிங்ககிட்ட எடுத்ததை நாம லேப்ல உடம்புச் சூட்டுல ஒரு நாள் பூரா வளத்திருக்கோம். முப்பது தலைமுறை தாண்டியாச்சு. கொள்ளுப்பேரனைக் கூப்பிட்டு வெச்சு, கொள்ளுத்தாத்தாவுக்கு அன்னிக்குக் குளிருச்சான்னு விசாரிச்சிருக்கோம்.

— அப்போ குளிர்ச் சீட்டு எங்கேருந்து வந்துச்சு? உன் கணக்குதானே காட்டுச்சு? நானா எழுதினேன்?

— நீங்கதான் எழுத வெச்சீங்க சார். பத்திரிகைக்காரங்களுக்குக் கொடுக்க ஒரு பளபள மலர் அடிச்சு வெச்சிருக்கீங்களே, அதோட அட்டையைப் பாருங்க. என்ன இருக்கு?

— நான் இருக்கேன்.

— கையில?

— ஐஸ் பெட்டி. அதுல கிருமிக் குழாய்ங்க. பின்னாடி லேசா புகை. அந்த போட்டோகிராபர் கெட்டிக்காரன். எனக்குப் பத்து வயசு குறைச்சுட்டான்.

— கிருமியை வளத்த சூட்டுப் பெட்டியிலேருந்து வெளிய எடுத்த அந்த நொடியே நிறுத்து மருந்துல போடணும். போட்டா, எழுதின சீட்டு எழுதினபடியே நின்னுடும். நான் மருந்து பாட்டிலைத் திறந்து கையில வெச்சிட்டு நின்னேன். நீங்க உள்ள வந்தீங்க. “ஒரே ஒரு போட்டோ. அதுவரைக்கும் கெட்டுப் போகாம ஐஸ்ல வை”ன்னீங்க.

— ஐஸ்ல வெச்சா கெடாதுன்னு எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கூடத் தெரியும்!

— செத்த மீன் கெடாது ஐயா. உயிரோட இருக்கறதை வெச்சா அதுக்குக் குளிருமே.

— மாஸ்டர், நீ விஞ்ஞானத்துல தலையிடாதே.

— அவர் சொன்னதுதான் சார் விஞ்ஞானம். நோட்டுல இருக்கு, நோயாளிக் கிருமியை வெளிய எடுத்தது பத்து முப்பத்தஞ்சு. அட்டைப் படத்துல உங்க தலைக்குப் பின்னாடி சுவர்க் கடிகாரம் தெரியுது. மணி என்ன?

— பதினொண்ணே... கால்.

— நாப்பது நிமிஷம். கண்ணாடி போட்டு, கண்ணாடி கழட்டி, கோட்டோட, கோட்டு இல்லாம, யோசிக்கற மாதிரி, கண்டுபிடிச்சிட்ட மாதிரி. ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருந்த சாதாரணக் கிருமியை யாரும் படம் எடுக்கல. அது நேரா மருந்துக்குப் போச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் கேன்டீன் இல்ல சார். கேமரா.

— அடப்பாவமே! நீங்க பல்லைக் காட்டிட்டு நின்ன நேரத்துல அதுக்கு ஜன்னி வந்துச்சு, அதுக்கு என் பொழப்பைப் பூட்டிட்டீங்களா? மூணு வாரமா என்னை எவனும் கிச்சன் பக்கம் விடல ஐயா. ஒரு ஹோட்டல்ல வேலை கேட்டுப் போனேன். “நீதானே அந்தப் பதினோரு பேரு?”ன்னான். எனக்குப் பேரே பதினோரு பேருன்னு ஆயிடுச்சு. என் பொண்டாட்டி காப்பி கொடுத்தா பக்கத்து வீட்டம்மா இப்பல்லாம் “வயிறு சரியில்ல”ன்னு சொல்லித் தட்டிக் கழிக்குது. சமையக்காரனுக்கு இருக்கற ஒரே பட்டம், இவன் கையை நம்பிச் சாப்பிடலாங்கற பேரு. அதை ஐஸ்ல வெச்சு போட்டோ எடுத்திருக்கீங்க!

— குரலை உயர்த்தாதே. இது கேன்டீன் இல்ல.

— கேன்டீனா இருந்தா இந்நேரம் கெட்டதைக் குப்பையில கொட்டிட்டுப் பாத்திரம் கழுவியிருப்போம்.

— சார், நேத்து நான் திரும்பவும் செஞ்சு பாத்தேன். அதே கிருமி. போட்டோ இல்ல, ஐஸ் இல்ல, நேரா மருந்து. குளிர்ச் சீட்டு ஒண்ணு கூட எழுதல. நோட்டுல இருக்கு.

— யாரைக் கேட்டு செஞ்சே?

— கிருமியைக் கேட்டு.

— வாய் ரொம்ப நீளுது. உன் ஆய்வேட்டுக்குக் கடைசிக் கையெழுத்து என்னுதுன்னு ஞாபகம் இருக்கா? அஞ்சு வருஷ உழைப்பு. யோசிச்சுப் பேசு.

— யோசிச்சுட்டுத்தான் வந்தேன் சார். இந்த அறிக்கையில என் பேரை எடுத்துடுங்க.

— எடுத்தாச்சுன்னு வெச்சுக்கோ. முதல் பேர் என்னுது. ரெண்டாவது பேரை எவன் படிக்கறான்?

— ஐயா, அந்த ஃப்ரிட்ஜு...

— இரு! முதல்ல ஒண்ணு சொல்லு. அன்னிக்கு விருந்துக்கு வந்த முட்டை ரொட்டி, உன் ஃப்ரிட்ஜ்ல முதல் நாள் வெச்சதா இல்லையா?

— விருந்துக்கு என் சமையல் உங்க கௌரவத்துக்கு ஒத்து வராதுன்னு பெரிய ஹோட்டல்ல சொன்னீங்க. வண்டி வந்ததே அன்னிக்குக் காலையில ஒம்போது மணிக்கு. நேரா மேடைப் பக்கத்து மேஜைக்குப் போச்சு. நான் டீ மட்டும்தான் போட்டேன். நீங்க ஏற்புரை முடிச்சது பன்னெண்டே முக்கால். கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் சுளீர்னு அது மேலதான் விழுந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை வந்து மூடி வெக்கட்டுமான்னு ஜாடை காட்டினேன். கைதட்டச் சொல்றேன்னு நெனச்சு நீங்க கும்பிட்டீங்க.

— என் பேச்சாலதான் கிருமி பெருகிச்சுங்கறியா?

— பேச்சால இல்ல ஐயா. நீளத்தால.

— அபாண்டம்! பெரிய ஹோட்டல் ரொட்டி சுத்தமானது. குத்தம் உன் ஃப்ரிட்ஜ்லதான். குழு அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கு.

— குழுவுல ஒரு ஆள் கேன்டீனுக்கு வந்து அதைத் திறந்து பாத்தாரா? இங்கேருந்து முப்பத்திரெண்டு படி. நீங்க பூட்டு போடறதுக்கு முன்னாடி ஏ.சி. அறையில மூணு தடவை கூடினாங்க, மூணு தடவையும் டீ கேட்டு மட்டும் ஆள் அனுப்பினாங்க. விஷம் வெச்சவன்கிட்டயே டீ!

— விஞ்ஞானத்துக்குப் படி இறங்க வேண்டிய தேவை இல்ல மாஸ்டர். அது தரவுகளின் உச்சியிலேருந்து பாக்கும். சரி, நேரம் ஆச்சு. இந்தா கடிதம். “எனது பொறுப்பில் உள்ள குளிர்பெட்டியில் விருந்து உணவைச் சேமித்ததை ஒப்புக்கொள்கிறேன்.” இதுல கையெழுத்து போடு. வயசாயிட்டதால தானா விலகினான்னு நல்லபடியா ஒரு சான்று தர்றேன். போடலேன்னா வேலைநீக்கம், அடுத்து போலீஸ்ல புகார்.

— போடாதீங்க மாஸ்டர்.

— இரு தங்கச்சி. ஐயா, போடறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. அந்த முதல் பத்தியை இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க.

— ஓ... பிடிச்சுதா? பாத்தியா, படிக்காதவனுக்கு இருக்கற ரசனை உனக்கு இல்ல. கேளு மாஸ்டர். “மானுட குலத்தின் குடல் வரலாற்றிலே...”

— தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க ஐயா. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே அசையாம இருங்க, போட்டோவுக்கு நிக்கற மாதிரி. தங்கச்சி, நீங்க இப்படி என் பக்கமா வாங்க. அந்தத் தாளோட பின்பக்கத்தைப் படிங்க. என் கண்ணாடி கேன்டீன்லயே பூட்டிக் கிடக்கு. ஆனா எழுத்து என்னுதுன்னு கண்ணாடி இல்லாமலே தெரியுது. ஐயா படிக்க ஆரம்பிச்சதுலேருந்து அது என்னையே பாத்துட்டு இருக்கு.

— “மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, கேன்டீன் மாஸ்டர் எழுதிக்கொண்டது. ஐந்தாவது நினைவூட்டல்...” மாஸ்டர்! விழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தேதி.

— என்ன அது? எதைப் படிக்கறே?

— “பொருள்: குளிர்பெட்டியைப் பழுது பார்த்துத் தரக் கோருதல்.” கீழ சிவப்பு மையில யாரோ எழுதியிருக்காங்க. சார், இது உங்க கையெழுத்து.

— நானா? என்ன எழுதியிருக்கேன்?

— “அவசரமில்லை.”

— மாஸ்டர்... இது என்னய்யா இது?

— அந்த ஃப்ரிட்ஜ் ஏழு மாசமா ஓடல ஐயா. அதுல டம்ளர் அடுக்கி வெச்சிருக்கேன்.